மாதம்மாவின் வலது கால்

திசுப் பரிசோதனைக்கு அனுப்பும் ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கும். நோயாளிக்கு என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எப்படி ஆரம்பித்தது என்று டாக்டர் எழுத வேண்டிய இடம் அது. திசுவைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டராக முப்பது வருடம் அந்தக் கட்டத்தைப் பார்த்தவள் நான். பாதி நாள் அதில் ஒரு கோடுதான் இருக்கும். பேனா எழுதுகிறதா என்று கிழித்துப் பார்த்த மாதிரி ஒரு சின்னக் கோடு. ரிட்டயர் ஆகி இத்தனை காலம் கழித்தும் அந்தக் கோட்டை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோடு போடாதவர்கள் அதற்கு மேல். ஒருவர் ‘கட்டி’ என்று எழுதுவார். எங்கே ஐயா கட்டி? தலையிலா, காலிலா? இன்னொருவர் ‘மேலே கூறியபடி’ என்று எழுதுவார். மேலே பார்த்தால் ஆஸ்பத்திரியின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். வயது கேட்ட இடத்தில் ‘பெரியவர்’ என்று எழுதிய மகானும் உண்டு. ஃபோன் போட்டுக் கேட்டால், “நாங்க சொல்லிட்டா உங்க மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும் மேடம், நீங்களே பாத்து சொல்லுங்க” என்பார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்ணின் மார்புத் திசுவும், பால் மறந்து பத்து வருடமான பெண்ணின் மார்புத் திசுவும் ஒன்றா? கழுத்துக் கட்டியில் இருக்கும் ஒரே விதமான வீக்கத்துக்குப் பின்னால் காசநோயும் இருக்கலாம், வேறு நாலும் இருக்கலாம். சாய வேண்டிய பக்கம் மனசு சாய்ந்தால்தானே வேலை ஒழுங்காக நடக்கும்!

இதைப் படித்துவிட்டு நீங்கள் எல்லோரும் தலையை ஆட்டுவீர்கள், எனக்குத் தெரியும். புதிதாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்த யாருக்கும் சர்ஜன்களைத் திட்டினால் இனிக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஃபாரத்தை நான் என்ன செய்தேன் என்பதையும் கேட்டுவிட்டு ஆட்டுங்கள்.

நான் வேலை கற்ற இடத்தில் எங்கள் சீஃபுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஸ்லைடு வந்ததும் ஃபாரத்தை மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். எழுத்தைப் பார்க்காமல் ஸ்லைடை மட்டும் பார்த்து நோயைச் சொல்ல வேண்டும். சுற்றி ஐந்து பேர் நிற்போம். முதலில் சரியாகச் சொன்னவருக்கு அன்றைக்கு மசாலா தோசை. கண் பழகட்டும் என்றுதான் அவர் அதை வைத்தார். கண் பழகியது, வாஸ்தவம். கூடவே எனக்குத் திமிரும் பழகியது. ஐந்து பேரில் அதிகமாகத் தோசை தின்றவள் நான். மைசூர் மண்டி மொஹல்லாவில் சொந்தமாக லேப் வைத்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. தனியாக உட்கார்ந்திருக்கும்போதுகூட ஃபாரத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் ஸ்லைடைப் பார்ப்பேன். யாருக்குக் காட்ட அந்த வித்தை என்று கேட்காதீர்கள். எனக்கே இன்னும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. கொள்ளேகால் பக்கத்துக் கிராமமான கௌதள்ளியிலிருந்து ராசப்பன் என்ற விவசாயி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த சதையைப் பாட்டிலில் போட்டு, “போய் லேப்ல குடுத்துட்டு வா” என்று நோயாளியின் வீட்டு ஆட்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். பாதிப் பேர் வழியில் அந்த மருந்து நாற்றம் தாங்காமல் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வருவார்கள். சதை அழுகி என் உயிரை வாங்கும். அதனால் ராசப்பன் வந்து நின்றதும் நான் கேட்டது ஒரே கேள்வி.

“பாட்டில்ல தண்ணி கிண்ணி ஊத்தினீங்களா?”

“இல்லீங்கம்மா. குடுத்தது குடுத்தபடியே கொண்டாந்தனுங்க.”

“சரி, நாளைக்குச் சாயங்காலம் வாங்க.”

அவ்வளவுதான். எல்லா விஷயமும் தெரிந்த மனிதர் இரண்டடி தூரத்தில் நிற்கிறார். நான் தண்ணீரைப் பற்றி விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா?

நோயாளி அவருடைய மனைவி மாதம்மா. வயது இருபத்தாறு, இரண்டு குழந்தைகள். ஃபாரத்தில், ‘வலது தொடையில் கட்டி, வேகமாக வளர்கிறது, புற்றா?’ என்று எழுதியிருந்தது. வழக்கமான கோட்டுக்கு இது பரவாயில்லை. ஆனால் அதையும் நான் பிறகுதான் படித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் ஸ்லைடு தயார். கண்ணை வைத்தேன். சதை தெரியாதபடி செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பார்க்கும் இடமெல்லாம் செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. நடுநடுவே, இன்னும் கெட்டிப்படாத எலும்பு வலைப்பின்னலாக ஓடியது. எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் எலும்பு. ஃபாரத்தைத் திருப்பினால் இளம் வயது, தொடை, வேகமான வளர்ச்சி, எல்லாம் ஒத்துப்போனது. படிக்கிற பிள்ளையும் சொல்லும், எலும்புப் புற்று, ஆஸ்டியோசார்கோமா. எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது. அதையும் பெருமையாகக் கடிகாரத்தில் பார்த்தேன்.

ஒன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செல்கள் கொஞ்சம் சாதுவாகத்தான் இருந்தன. எண்ணிக்கை அதிகம், பிரிவு அதிகம், ஆனால் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்த்த மாதிரி இருந்தன. பிரிந்த விதமும் ஒழுங்காக இருந்தது. புற்றுச் செல் அப்படி இருக்காது, ஒவ்வொன்றும் ஒரு கோணலாக இருக்கும். என் மனசில் ஏதோ ஒன்று நெருடியது. ‘சரி, சில புற்றுகள் இப்படியும் இருக்கும்’ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கும் அந்த நெருடல் வரும். வந்தால் எழுந்து போய் ஒரு காபி குடியுங்கள், யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள், ஃபோனை எடுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள். நான் போட்டேன். சாயங்காலம் ராசப்பன் வந்து கவரை வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை லேப்பைத் திறக்கும்போது அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். முந்தின நாள் வாங்கிப்போன கவர், ரிப்போர்ட் இல்லாமல் வெறுமையாகக் கையில் இருந்தது.

“டாக்டரம்மா, நாளைக்குக் காத்தால அவ காலை எடுக்கோணும்னு சொல்றாங்க. இடுப்போட எடுத்துப்போடோணுமாம். வேற ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரக்கம் வரவில்லை என்றில்லை, ஆனால் முதலில் வந்தது எரிச்சல். காலை ஒன்பது மணிக்கு மேஜை நிறைய ஸ்லைடு காத்திருக்கிறது. இதையெல்லாம் நோயாளிக்குச் சொல்ல வேண்டியவர் சர்ஜன். அவர் ஏன் என்னிடம் அனுப்புகிறார்?

“ராசப்பன், இது விளையாட்டு இல்ல. விட்டா நுரையீரலுக்குப் போயிடும். காலைப் பாத்தா உயிர் போயிடும். டாக்டர் சொல்றதைக் கேளுங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இரண்டு படி இறங்கினார். பிறகு திரும்பி நின்று கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. நாங்க போட்டுத் தேச்சதுனாலதான் இப்பிடி ஆயிருச்சுங்களா?”

“என்ன தேச்சீங்க?”

“எண்ணெய்ங்க. காலைலயும் பொழுதோடயும். நாலு வாரம் தேச்சமுங்க. கட்டுப் போடறவரு நல்லா அழுத்தித் தேய்க்கோணும்னாரு.”

“கட்டா? எதுக்குக் கட்டு? அடி பட்டுச்சா?”

ராசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“யோவ், சொல்லுய்யா!” என்று கத்திவிட்டேன். அப்படி மரியாதை இல்லாமல் நான் ஒரு நோயாளி வீட்டு ஆளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

“மாடு ஒதைச்சுப்போட்டுதுங்க. பால் கறக்கறப்போ. ஆறு வாரம் இருக்குமுங்க. ஒதைச்ச எடந்தான் வீங்குச்சு. டாக்டரு கேட்டாருங்க, அடி கிடி பட்டுச்சான்னு. நான் இல்லைன்னு சொல்லிப்போட்டேன்.”

“ஏன்யா இல்லைன்னு சொன்ன?”

“போன வருசம் எங்க தம்பிக்குக் கை ஒடைஞ்சப்போ நாட்டுக்கட்டுக் கட்டிட்டு டவுனாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனமுங்க. அத்தனை சனத்துக்கு முன்னால டாக்டரு நாயே பேயேன்னு பேசிப்போட்டாருங்க. அங்கயே போய்ச் சாவுன்னு தொரத்திட்டாரு. அதுனால எங்கூர்ல இப்ப ஆரும் கட்டைப் பத்தி வாயே தொறக்கறதில்லீங்க.”

யார் மேல் கோபப்படுவது, சொல்லுங்கள். பொய் சொன்ன ராசப்பன் மேலா? அவரைப் பொய் சொல்ல வைத்த அந்த முன்கோபி டாக்டர் மேலா? நாம் திட்டுகிற ஒவ்வொரு திட்டும் இன்னொரு நோயாளியின் வாயை அடைக்கிறது. அந்த டாக்டருக்கு இது தெரியவே தெரியாது. அவர் தம்பியைத் திட்டினார், அதற்கு அண்ணன் மனைவியின் கால் போகவிருந்தது.

விஷயம் இதுதான். அடிபட்ட சதைக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால், அதை விட்டுவிட்டால் பெரும்பாலும் தானே கரையும். போட்டுத் தேய்த்தால் சில பேருக்கு அந்தச் சதைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கும். புற்று இல்லை, வெறும் ஆறுகிற காயம். ஆனால் அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், புற்று என்று சத்தியம் பண்ணலாம். ஆறுகிற செல்லும் வெறிபிடித்த மாதிரிதான் பிரியும். வித்தியாசம் ஓரத்தில் இருக்கிறது. காயமானால் ஓரம் முதிர்ந்து, நல்ல எலும்பாகத் தேங்காய் ஓடு மாதிரி சுற்றி நிற்கும், உள்ளேதான் இளசு. புற்றானால் தலைகீழ், ஓரம்தான் இளசு. நான் ஓரத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு வந்தது எந்த இடத்துத் துண்டு என்று கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. மேஜையில் இருந்த ஸ்லைடுகளை அப்படியே போட்டுவிட்டு ராசப்பனை இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். சந்தில் எதிரே ஒரு மூட்டை வண்டி நின்று வழியை அடைத்துக்கொண்டது. ஆட்டோக்காரர் இறங்கிப் போய் வண்டிக்காரரோடு சண்டை போட்டார். நானும் இறங்கிச் சண்டை போட்டேன்.

சர்ஜன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதிக் கன்னடம் கலந்துதான் பேசுவார். நல்ல கை, கெட்ட வாய். எனக்கு வரும் வேலையில் கால்வாசி அவர் அனுப்புவது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

“நோடி மேடம், பாருங்க, உங்க ரிப்போர்ட் என்கிட்ட இருக்கு. ஆஸ்டியோசார்கோமான்னு எழுதியிருக்கீங்க. ஒரு கொஸ்டின் மார்க் கூட இல்ல. இருக்கா? காட்டுங்க.”

இல்லை. எங்கே காட்டுவது?

“நேத்து சார்கோமா, இன்னிக்கு மாடு ஒதைச்சதா? நாளைக்கு என்ன சொல்வீங்க? நான் நிறுத்தி, அது நெஜமா கேன்சரா இருந்து, அந்தப் பொண்ணு ஆறு மாசத்துல போயிட்டா அவ கொழந்தைங்களுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?”

அவர் கேட்டது அத்தனையும் நியாயம். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ‘நீர் ஏன் சார் நடுவிலிருந்து எடுத்தீர், ஓரத்தோடு சேர்த்து எடுக்கத் தெரியாதா’ என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அந்த நேரத்தில் யார் பெரியவர் என்று பேச உட்கார்ந்தால் காலையில் கால் போய்விடும். இந்த ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் தவறை ஒத்துக்கொள்ள அதிக நேரம் எடுத்தால், அந்த நேரத்துக்கான விலையை நோயாளி கொடுக்கிறார்.

“நான் அவசரப்பட்டுட்டேன், சார். அந்த ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கறேன். கேன்சர் இல்லைன்னு இப்ப சொல்லலை. இருக்குன்னு சொன்னது தப்பு. எனக்கு இன்னிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக் குடுங்க. அதைப் பாத்தும் சந்தேகம் இருந்தா நீங்க சொல்ற மாதிரி செய்யலாம்” என்றேன்.

“எக்ஸ்ரே ஆல்ரெடி இருக்கே.”

“எப்ப எடுத்தது?”

“கொள்ளேகால்ல எடுத்துட்டு வந்தாங்க. மூணு வாரம் ஆச்சு. புகை மாதிரி தெரிஞ்சுது.”

“அப்ப மாடு ஒதைச்சு மூணு வாரம்தான் ஆகியிருக்கும், சார். அதுக்குள்ள அந்த ஓரம் கெட்டிப்படவே ஆரம்பிச்சிருக்காது.”

அவர் எக்ஸ்ரேவுக்குச் சீட்டை எழுதி நர்ஸிடம் கொடுத்தார். “சும்னே டென்ஷன்” என்று, வீண் டென்ஷன் என்பதைக் கன்னடத்தில் முணுமுணுத்தார். என்னைத் திட்டினாரா, தன்னைத் திட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஃபிலிம் ஈரத்தோடு வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் மாட்டினார். தொடை எலும்பிலிருந்து விலகி, நடுவே மெல்லிய இடைவெளி விட்டு, சதைக்குள் ஒரு வட்டம். ஓரம் வெள்ளை வெளேரென்று, உள்ளே மங்கல். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சர்ஜன் ஃபோனை எடுத்து, மறுநாள் காலை ஆபரேஷனை ரத்துபண்ணச் சொன்னார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்த வட்டம் இன்னும் கெட்டிப்பட்டுச் சுருங்கியிருந்தது. தேய்க்காமல் விட்டதில் வலியும் போனது. ஆபரேஷனே தேவைப்படவில்லை. சர்ஜனும் நானும் அதன் பிறகு பல வருடம் சேர்ந்து வேலை செய்தோம். இரண்டு பேருமே அந்த வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த வியாழக்கிழமை மத்தியானம் வார்டில் நடந்தது.

மாதம்மாவிடம் நானே போய்ச் சொல்வதாகச் சர்ஜனிடம் கேட்டுக்கொண்டேன். அதுவரை அவளை நான் பார்த்ததே இல்லை. அவளுடைய சதையைத்தான் பார்த்திருந்தேன். பொது வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு, கறுத்த முகம், தலையை இறுக்கி வாரியிருந்தாள். அழுத மாதிரி தெரியவில்லை.

“நாளைக்கு உங்க காலை எடுக்க மாட்டாங்கம்மா. இது அந்த நோய் இல்லைன்னு நெனைக்கிறோம். மாடு ஒதைச்சதுல வந்தது. தானாச் சரியாயிடும்” என்றேன்.

கையெடுத்துக் கும்பிடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற ராசப்பனைப் பார்த்தாள்.

“இன்னிக்குத்தான் சொன்னயா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் கோபம் இருந்தது.

“பத்து நாளா இங்க கெடக்கறனுங்க. டாக்டரு வருவாரு, இவருகிட்டப் பேசுவாரு. நர்சம்மா வருவாங்க, இவருகிட்டக் கேப்பாங்க. படிக்கிற புள்ளைங்க எட்டுப் பேரு வந்து சுத்தி நின்னு, தொடையை அமுக்கிப் பாத்துட்டு, இங்கிலீசுல பேசிட்டுப் போனாங்க. எனக்கு ஆரைக் கண்டும் பயமில்லீங்க. கேட்டிருந்தா மொத நாளே சொல்லிருப்பனே.”

பிறகு அவள் சேலையை ஒதுக்கிக் காலைக் காட்டினாள். தொடையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எனக்காகச் சதை எடுத்த இடம். அதற்கு இரண்டு விரல்கடை கீழே, தோலில் கறுத்துத் தழும்பேறி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அரைவட்டம். மாட்டுக் குளம்பு, பதிந்தது பதிந்தபடியே இருந்தது. அதைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை.

“எல்லாரும் இதைப் பாத்தாங்கம்மா” என்றாள் மாதம்மா. “இது என்னன்னு என்னைய ஒருத்தரும் கேக்கலை.”